வேலையை விட்டுப் போனவர் கையில் இருந்த டோக்கன்

ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். மூன்று கிளைகள் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையின் டாக்டர் போன் செய்தார். நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட், பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாமே அங்கே ஒரு மொபைல் ஆப்பில்தான் ஓடுகின்றன. அதை எழுதிக் கொடுத்தது வேறொரு குழு. பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்துச் சொல்வது என் வேலை.

"ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு வேலைய விட்டு ஒன்றரை மாசம் ஆச்சு. ஐடிய அன்னைக்கே எடுத்துட்டோம். இன்னைக்கு அந்தப் பொண்ணே கூப்பிட்டு, 'சார், என் போன்ல ஆப் இன்னும் திறக்குது, பேஷன்ட் லிஸ்ட் எல்லாம் தெரியுது'ன்னு சொல்லுது. என்னங்க இது?"

நல்ல பெண். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை போய் உட்கார்ந்து கோடைத் திறந்தோம். ஆப்பும் சர்வரும் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழியான ஏபிஐ-யை எழுதிய தம்பியும் பக்கத்தில் இருந்தான். டோக்கனின் ஆயுள் என்று இருந்த இடத்தில் 365 நாள்கள். "அடிக்கடி லாகின் கேக்குதுன்னு கம்ப்ளெயின்ட் வந்துச்சு அண்ணா, அதான் ஏத்திட்டோம்" என்றான். இந்த வரியை நான் எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன். 15 நிமிடம் என்று தொடங்கி, ஒரு நாளாகி, 30 நாளாகி, கடைசியில் ஒரு வருடத்தில் வந்து நிற்கும்.

டோக்கன் என்றால் என்ன என்று ஒருமுறை பேசிவிடலாம். சினிமா தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு துண்டை ஹேண்டில்பாரில் செருகிவிட்டு இன்னொரு துண்டை நம்மிடம் தருவார்கள். படம் முடிந்து வந்து துண்டை நீட்டினால் சைக்கிள் வரும். யார் நீட்டுகிறார் என்று முகத்தைப் பார்ப்பதில்லை. ஏபிஐ-களில் புழங்கும் 'பேரர் டோக்கன்' இதேதான். வங்கியில் பேரர் செக் என்கிறோமே, அதே பேரர். கையில் வைத்திருப்பவர் எவரோ அவருடையது. ஆப்களுக்கு அனுமதி கொடுக்கும் முறையை வரையறுத்து 2012இல் வந்த ஓஆத் 2.0 தர ஆவணங்களிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் நாம் அதை யோசிப்பதில்லை.

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது ஜேடபிள்யூடி (ஜேசன் வெப் டோக்கன்) வகை. 2015இல் தரமாக்கப்பட்டது. புள்ளி வைத்துப் பிரித்த மூன்று பகுதிகள்: முதலில் எந்த முறையில் கையொப்பம் போட்டோம் என்ற தகவல், நடுவில் பயனாளர் எண், காலாவதி நேரம் போன்றவை, கடைசியில் சர்வரின் கையொப்பம். நடுப்பகுதி பூட்டப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வெறும் பேஸ்64, அதாவது அதே தகவலை வேறு எழுத்துகளில் மாற்றி எழுதுவது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். திருத்தினால்தான் கையொப்பம் பொருந்தாமல் போகும். கையெழுத்துப் போட்ட போஸ்ட்கார்டு அது, ஒட்டிய கவர் இல்லை. இந்த ஆப்பில் நோயாளியின் மொபைல் எண்ணும் பிறந்த தேதியும் அதற்குள்ளேயே இருந்தன.

இந்த வகையில் ஒரு வசதி உண்டு. கையொப்பம் சரியா, நேரம் தாண்டவில்லையா என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் தேட வேண்டாம். ஸ்டாண்டுக்காரரிடம் நோட்டுப் புத்தகம் தேவையில்லை. வம்பும் அதே இடத்தில்தான். நோட்டு இல்லாவிட்டால் எதை அடிப்பது? அந்தப் பெண்ணின் ஐடியை டேட்டாபேஸிலிருந்து அன்றைக்கே நீக்கியது உண்மைதான். ஆனால் ஏபிஐ அந்த வரியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் கையில் இருந்த டோக்கனில் கையொப்பம் சரியாக இருந்தது, வருடம் முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன, கதவு திறந்தது.

2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் நடந்தது நினைவிருக்கலாம். நம் பக்கம் மற்றவருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு வசதி இருந்தது. அதிலும் வீடியோ ஏற்றும் பகுதியிலுமாக மூன்று பிழைகள் சேர்ந்து, யாருடைய பார்வையில் பார்க்கிறோமோ அந்த இன்னொருவரின் டோக்கனே பக்கத்தில் வந்து விழுந்தது. கடவுச்சொல் எதுவும் திருடுபோகவில்லை, டோக்கன் மட்டும்தான். முதலில் 5 கோடிக் கணக்குகள் என்றார்கள், பிறகு சுமார் 3 கோடி என்று திருத்தினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. தெரிந்த சில நாள்களுக்குள், சந்தேகத்துக்கு உரியவர்களையும் சேர்த்து 9 கோடிப் பேரின் டோக்கன்களை அவர்களால் செல்லாததாக்க முடிந்தது. நம் மருத்துவமனையில் ஒரே ஒரு டோக்கனை ரத்து செய்ய வழி இல்லை.

அதனால் ஏபிஐ எழுதும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, "டோக்கன் எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்பதில்லை. "கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவீர்கள்?" என்பதுதான். பதில் வரவில்லை என்றால் மற்றதெல்லாம் அப்புறம்.

வழக்கமான வழி இரண்டு டோக்கன்கள். ஆக்சஸ் டோக்கனின் ஆயுள் 10 அல்லது 15 நிமிடம். அது தீர்ந்ததும் புதியது வாங்கித்தர ரெஃப்ரெஷ் டோக்கன். இதற்கு சில வாரங்கள் ஆயுள். ரெஃப்ரெஷ் டோக்கன் ஜேடபிள்யூடி-யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, நீளமான தற்செயல் எழுத்துகள் போதும். ஆனால் அதன் ஹாஷ், அதாவது மூலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி அதிலிருந்து கணக்கிட்ட குறி, டேட்டாபேஸில் இருக்க வேண்டும். அதுதான் நோட்டுப் புத்தகம். ஒருவர் வேலையை விட்டால் அந்த வரியை நீக்கிவிடலாம்; அதிகபட்சம் 15 நிமிடத்தில் வெளியே போய்விடுவார். பயனாளரிடம் அடிக்கடி கடவுச்சொல் கேட்க வேண்டியதும் இல்லை. 365 நாள் என்று போட வைத்த அந்தக் கம்ப்ளெயின்டுக்கும் இதுவே பதில்.

இதில் இன்னொரு படி: ரெஃப்ரெஷ் டோக்கனை ஒருமுறை பயன்படுத்தியதும் பழையதைச் செல்லாததாக்கி புதியது கொடுப்பது. பழையது மறுபடி வந்தால் யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள், அந்த வரிசையையே ரத்து செய்துவிடலாம். புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கும். எங்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மலைப்பகுதிக் கிளையில் நெட்வொர்க் விட்டு விட்டு வரும். ஆப் புதுப்பிக்கக் கேட்கிறது, சர்வர் புதிய டோக்கனை அனுப்புகிறது, பதில் வழியில் தொலைகிறது. ஆப் மறுபடியும் பழைய டோக்கனோடு வருகிறது. சர்வர் 'திருட்டு' என்று முடிவுகட்டி நர்ஸை வெளியே தள்ளுகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை. கடைசியில் பழைய டோக்கனுக்கு 30 நொடி சலுகை கொடுத்தோம். ஆப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் ஐந்து கோரிக்கைகள் ஐந்து முறை புதுப்பிக்கப் போகாமல், ஒன்று போக மற்றவை காத்திருக்கும்படி மாற்றினோம்.

சரி, இவ்வளவு தேவையா? ஒரே சர்வர், ஒரே இணையதளம், 300 பயனாளர்கள் என்றால் தேவையில்லை என்பது என் கருத்து. பழைய செஷன் குக்கி போதும்: லாகின் ஆனவர் பட்டியலை சர்வரே வைத்திருக்கும், பிரவுசரிடம் ஒரு அடையாள எண் மட்டும் இருக்கும். ஒரு கோரிக்கைக்கு ஒரு டேட்டாபேஸ் தேடல் என்பது அந்த அளவில் சுமையே இல்லை. ஜேடபிள்யூடி நவீனம், செஷன் பழசு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஊர்க்கடைக்கு ஏர்போர்ட் ஸ்கேனர் வாங்கி வைப்பவர்களைப் பார்க்கிறேன்.

அந்தக் கோடில் வேறு சிலதும் கிடைத்தன. கையொப்பமிடும் ரகசியக் கீ மருத்துவமனையின் பெயரும் 123-உம். இங்கே கையொப்பத்துக்குப் பயன்படுத்திய எச்எஸ்256 முறைக்குக் குறைந்தது 32 பைட் தற்செயல் கீ வேண்டும் என்று தரமே சொல்கிறது. கீ சுலபமாக இருந்தால் ஒரே ஒரு டோக்கனை வைத்துக்கொண்டு தன் கணினியிலேயே கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம். சர்வருக்கு ஒரு கோரிக்கைகூட வராததால் நமக்குச் சத்தமே கேட்காது. கீ கிடைத்தபின் டாக்டர் பெயரிலேயே டோக்கன் அச்சடித்துக்கொள்ளலாம். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்று சேமித்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளிலும் அந்தக் கீ கிடந்தது. இப்போது ஃபைலிலிருந்து எடுத்தாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும், கீயையே மாற்றினால்தான் உண்டு.

ஒரு இடத்தில் 'வெரிஃபை' அழைக்க வேண்டியதற்குப் பதில் 'டிகோட்' அழைத்திருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய லைப்ரரியில், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கோடில், டிகோட் பிரித்துப் படிக்க மட்டும்தான் செய்யும், கையொப்பத்தைப் பார்க்காது. சோதனையில் எல்லாம் ஓடும், அதுதான் ஆபத்து. அதேபோல் எந்த முறையில் கையொப்பம் என்பதை டோக்கனே சொல்ல விடக்கூடாது. முறை 'நன்' (none, எதுவும் இல்லை) என்று எழுதிக் கையொப்பமே இல்லாமல் அனுப்பிய டோக்கனைப் பல லைப்ரரிகள் ஏற்றுக்கொண்டது 2015இல் வெளியே வந்தது. எந்த முறை என்பதை உங்கள் கோடில் நீங்களே எழுதி வையுங்கள்.

இனி, தம்பி கேட்ட கேள்வி. "டோக்கன் வெரிஃபை ஆயிட்டா சேஃப்தானே அண்ணா?"

அவனுடைய டெஸ்ட் கணக்கில் லாகின் செய்யச் சொன்னேன். அவன் ரிப்போர்ட்டின் முகவரி கடைசியில் 4817 என்று முடிந்தது. 4816 என்று மாற்றி அனுப்பச் சொன்னேன். வேறு யாருடைய ரிப்போர்ட்டோ வந்தது. மேலே பெயரைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை.

டோக்கன் செல்லுபடியானது. அவன் யார் என்பதும் சர்வருக்குச் சரியாகத் தெரியும். ஆனால் 4816 அவனுடையதா என்று யாரும் கேட்கவில்லை. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு ஏபிஐ-களுக்கென்று வெளியிடும் ஆபத்துப் பட்டியலில் 2019இலும் 2023இலும் முதலிடம் இந்தப் பிழைக்குத்தான். டோக்கன் முறை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இது தனி. தேடும் வரியிலேயே ரிப்போர்ட் எண்ணோடு உரிமையாளர் எண்ணையும் சேர்த்துத் தேட வேண்டும், அந்த உரிமையாளர் எண் டோக்கனிலிருந்து வர வேண்டும், கோரிக்கையில் அனுப்பியதிலிருந்து அல்ல. பொருந்தாவிட்டால் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதில். ஊகிக்க முடியாத நீள எண் வைத்தால் போதாதா என்பார்கள். வையுங்கள், நல்லதுதான். ஆனால் அந்த எண் வாட்ஸாப்பில் பகிரப்படும், ஸ்கிரீன்ஷாட்டில் வரும். கேள்வி கேட்காமல் விட அது காரணம் ஆகாது.

அடுத்து லாக், அதாவது சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு. ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்புத் தகவலான ஹெடரையும் அப்படியே லாக்கில் எழுதியிருந்தார்கள், டோக்கனோடு சேர்த்து. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி லாக்குகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். ஆக, ஒரு வருட ஆயுள் கொண்ட டோக்கன்களை ஆறு மாதம் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தோம்! உங்கள் லாக்கில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜேடபிள்யூடி எதுவும் பெரும்பாலும் இ-ஒய்-ஜே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில்தான் தொடங்கும், முதல் இரண்டும் சின்ன எழுத்து, ஜே பெரியது. டோக்கனுக்குள் தகவலை எழுதும் ஜேசன் வடிவத்தின் தொடக்க அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் பேஸ்64இல் அப்படித்தான் மாறும். அந்த மூன்றெழுத்தைத் தேடினால் போதும், வண்டவாளம் தெரிந்துவிடும்.

நோயாளிகள் நுழையும் ஓடிபி 4 இலக்கம். மொத்தம் 10,000 வாய்ப்புகள். முயற்சிக்கு வரம்பு இல்லாததால் நொடிக்கு 100 வீதம் அடித்தால் 100 நொடியில் எல்லாம் தீர்ந்துவிடும். 6 இலக்கமாக்கி, ஐந்து தவறுக்கு மேல் அந்த ஓடிபி-யையே செல்லாததாக்கினோம்.

ஊழியர்களின் கடவுச்சொல்லை பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில் வைத்திருந்தார்கள், அதற்கு ஒரு சபாஷ். ஆனால் நம் ஆள்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். ஆங்கிலத்தில் 72 எழுத்து, யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். எனவே 24 குறியீட்டில் முடிந்துவிடும். 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு குறியீடு. ஒரு குறள் முழுவதையும் கடவுச்சொல்லாக வைத்தால் பின்பாதியைத் தப்பாக அடித்தாலும் திறந்துவிடக்கூடும். இன்னொன்று, அதே 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், தனித்தனி இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், பைட் வேறு. போனில் வைத்த கடவுச்சொல் கம்ப்யூட்டரில் திறக்காமல் போகலாம். ஹாஷ் போடுமுன் இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நீளத்துக்கு, ஆர்கான்2 போன்ற வேறு ஹாஷ் முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

பிரவுசரில் ஓடும் அட்மின் பக்கம் டோக்கனை பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்திருந்தது. பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் அதைப் படிக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாத எச்டிடிபி-ஒன்லி குக்கிக்கு மாற்றி, வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு குக்கி போகாமல் தடுக்கும் சேம்சைட் அமைப்பையும் போட்டோம். குக்கி தானாகவே போகும் சங்கதி என்பதால் அது இல்லாமல் விடக்கூடாது.

எல்லாம் முடிந்து, கடைசியாகக் கீயை மாற்ற வேண்டியிருந்தது. பழைய 365 நாள் டோக்கன்கள் அத்தனையும் செல்லாமல் போக அதுதான் எளிய வழி. நான் அவசரப்பட்டு திங்கள் காலை ஒன்பதே முக்காலுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மூன்று கிளையிலும் ரிசப்ஷன், நர்ஸ், லேப் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து விழுந்தார்கள். வாசலில் நோயாளிகள் கூட்டம். பாதிப் பேருக்குக் கடவுச்சொல் நினைவில் இல்லை. ஒரு வருடமாக யாரும் கேட்கவில்லையே, எப்படி இருக்கும்? வாங்கிய திட்டு மதியம் வரை நீண்டது.

இப்போது டோக்கனின் முதல் பகுதியில் கீயின் அடையாள எண்ணும் இருக்கிறது. புதிய கீயில் கையொப்பமிடத் தொடங்கி, பழையதை ஒரு மணி நேரம் சரிபார்க்க மட்டும் வைத்திருந்து, அப்புறம் எடுத்துவிடுகிறோம். யாருக்கும் தெரிவதில்லை. அப்படியும் அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமை இரவுக்குத்தான் வைத்திருக்கிறான் தம்பி.