செய்கலை: ‘புராசஸ் ஆர்ட்’ என்பதற்குரிய தமிழ்ச் சொல்

மழலையர் பள்ளிகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘புராசஸ் ஆர்ட்’. முடிந்த படம் எப்படி அமைந்தது என்று பாராமல், குழந்தை வண்ணத்தைத் தொட்டும் தோய்த்தும் ஒற்றியும் உருட்டியும் பார்க்கும் செயலையே பயனாகக் கொள்ளும் கலைப் பயிற்சியை அது குறிக்கிறது. ஆசிரியர் வெட்டித் தந்த சதுரத்தின் மேல் முக்கோணத்தை ஒட்டி, வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் அச்சடித்தாற்போல் ஒரே வீட்டைக் கொண்டுவந்தால் அது இதில் சேராது. அது வழக்கமான கைவேலை.

‘புராசஸ்’ என்பதன் வேர் லத்தீனில் உள்ளது. முன் என்னும் பொருளுடைய ‘புரோ’வும் செல்லுதலைக் குறிக்கும் ‘கேதெரே’யும் இணைந்த வினையிலிருந்து அது வந்தது, ஊர்வலத்தைக் குறிக்கும் ‘புரொசெஷன்’ அதன் உடன்பிறப்பு. ஆகவே முன்னோக்கிச் செல்லுதலே அதன் மூலப்பொருள். கலைத்துறைத் தொடராக அது 1960களின் இறுதியில் அமெரிக்காவில் நிலைபெற்றது. சிற்பி ராபர்ட் மாரிஸ் தடித்த கம்பளத் துணியைக் கீறித் தொங்கவிட்டு, அது தன் எடையால் சரிந்து கொள்ளும் வடிவத்தையே சிற்பமாக ஏற்றார். ரிச்சர்ட் செர்ரா 1967, 68ஆம் ஆண்டுகளில் உருட்டு, மடி, கிழி என்பன போன்ற வினைச்சொற்களைத் தாளில் பட்டியலாக எழுதி, அவற்றைப் பொருள்களின் மேல் செய்துபார்த்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தப் பட்டியல் தேவைப்படாது. கையில் கிடைத்ததை அது முதலில் உருட்டும், பிறகு கிழிக்கும்.

தமிழில் இதற்குச் ‘செயல்முறைக் கலை’ என்பது உடனே தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியருக்குச் ‘செயல்முறைகள்’ என்றால் கல்வி அலுவலர் அனுப்பும் ஆணைதான் நினைவுக்கு வரும். ‘செய்முறை’யோ சமையல் குறிப்பையும் ஆய்வகத் தேர்வையும் குறிக்கிறது, தென்மாவட்டங்களில் விசேஷ வீட்டுக்குச் செய்யும் சீரும் செய்முறைதான். இவற்றில் ‘முறை’ என்பது முன்கூட்டியே வகுத்த ஒழுங்கைச் சுட்டுவதால், வகுத்த ஒழுங்கே இல்லாத ஒரு பயிற்சிக்கு அது நேர்மாறான பெயராகிவிடும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய ‘செயல்வழிக் கற்றல்’ தந்த பழக்கத்தால் ‘செயல்வழிக் கலை’ எனலாமா என்றால், அங்கே செயல் வழி, கற்றல் இலக்கு. இங்கே செயலே இலக்கு.

நான் பரிந்துரைப்பது ‘செய்கலை’. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை: செய்த கலை, செய்கின்ற கலை, செய்யும் கலை என மூன்று காலத்துக்கும் விரியும். முடிந்ததா இல்லையா என்று கேட்காத ஒரு கலைக்குக் காலம் காட்டாத தொகை பொருத்தமாக அமைகிறது. ‘செய்வினை’ என்றதும் சிலருக்குப் பில்லிசூனியம் நினைவுக்கு வருவதுபோல இதற்கும் நேருமோ என்ற அச்சம் வேண்டாம். கலை என்னும் சொல் அதைத் தடுத்துவிடும்.

வடிவங்களைக் கற்பிப்பதில் செய்கலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பெயரின் பொருத்தம் தெளிவாகும். குழந்தைகள் கையை வாயில் வைக்கும் வயதினர் என்பதால், மஞ்சள் தூளைக் கஞ்சியில் குழைத்தோ பீட்ரூட் சாற்றைக் கொண்டோ வண்ணம் செய்துகொள்ளலாம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கித் தோய்த்து ஒற்றினால் ஐந்து முனையுள்ள பூப்போன்ற தடம் விழும். தீப்பெட்டியின் உறையைப் படுக்கவைத்து ஒற்றினால் செவ்வகம். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைத் தோய்த்து ஒற்றினால் கோடு மட்டும் விழுந்து நடு வெறுமையாக இருக்கும். உருளைக்கிழங்கு வில்லையை ஒற்றினால் முழுவதும் நிறைந்திருக்கும். முதலாவது வட்டம், இரண்டாவது வட்டு. இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைப்பது பெரிய பிள்ளைகளிடத்திலேயே கடினம். பெயரை முன்னதாகச் சொல்லாமல், தடம் விழுந்து குழந்தை நிமிர்ந்து பார்க்கும்போது ‘வட்டம்’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

அதே டம்ளரைப் படுக்கவைத்து உருட்டும்போதுதான் வேடிக்கை. வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பதால் அது நேராகப் போகாமல் வில்லாக வளைந்து தடம் பதிக்கும். குழந்தை அதைத் திருப்பிப் பிடித்து, எதிர்ப்பக்கமாக வளைகிறதா என்று மறுபடியும் உருட்டும்.