ஒயர் செருகியிருந்தும் வைஃபையில் போன லேப்டாப்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ பேக்டரி. அங்கே கணக்கு பார்க்கும் அண்ணன் ஒரு மழைக்காலத்தில் என்னைக் கூப்பிட்டு, "கரண்ட் ஒரு செகண்ட் போய் வந்தாலே கணக்கு சாஃப்ட்வேர் கட் ஆயிடுது, பசுந்தேயிலை எடை முழுக்க மறுபடி போட வேண்டியிருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். லேப்டாப்பில் பேட்டரி நன்றாக இருக்கிறது. சர்வருக்கும், லேன் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு லேன் கேபிள் மட்டும், அதுவும் செருகித்தான் இருக்கிறது. அப்படியானால் கரண்ட் போகும்போது எது அறுகிறது?

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு வைஃபை பெட்டி இருந்தது. அதற்கு யூபிஎஸ் கிடையாது, சாதாரண பிளக்கில் ஓடுகிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. "அண்ணா, ஒயர் போட்டிருக்கும்போது வைஃபையும் ஆன்ல வைப்பீங்களா?" என்று கேட்டேன். "ஆமா, நானே கனெக்ட் குடுத்துடுவேன். ரெண்டும் இருந்தா ஸ்பீடு கூடும்ல?" என்றார்.

கூடாது. லேப்டாப்பில் ஒயரும் வைஃபையும் சேர்ந்தே இருந்தால் அதற்கு இரண்டு முகவரிகள் கிடைக்கும், வெளியே போக இரண்டு வாசல்கள் கிடைக்கும், ஆனால் போகும் தகவல் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகத்தான் போகும். எந்த வாசல் என்பதை மெட்ரிக் என்ற ஓர் எண் முடிவு செய்கிறது. சின்ன எண் எதுவோ அதுதான் ஜெயிக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரூட் பிரின்ட் (route print) என்று அடித்தால் பட்டியல் வரும், கடைசி நெடுவரிசையில் இருப்பது இந்த எண்.

இதை யாரும் உட்கார்ந்து எழுதி வைப்பதில்லை, இணைப்பின் வேகத்தைப் பார்த்து விண்டோஸே போட்டுக்கொள்கிறது. விண்டோஸ் 10-இல் 1 கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒயருக்கு 25. 100 மெகாபிட் ஒயருக்கு 35. வைஃபை 500 மெகாபிட்டுக்கு மேல் 2 கிகாபிட்டுக்குள் இருந்தால் 30. அதாவது நல்ல ஒயர் இருந்தால் ஒயர் ஜெயிக்கும், ஆனால் ஒயர் 100-க்கு இறங்கி, வைஃபை பெட்டியும் தலைக்கு மேலேயே இருந்தால் வைஃபை ஜெயித்துவிடும். அண்ணன் கணினியில் வைஃபை 866 மெகாபிட் காட்டியது. ஒயர் 100 காட்டியது. ஒயர் செருகிய லேப்டாப் ஒயரைத் தொடாமலே அத்தனை நாள் வேலை செய்திருக்கிறது. கரண்ட் போனால் வைஃபை பெட்டி அணையும், அதோடு கணக்கும் அறுந்துவிடும்.

சரி, கிகாபிட் கேபிள் ஏன் 100-க்கு இறங்கியது? லேன் கேபிளைப் பிரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும், வழக்கமான வரிசையில் கனெக்டர் அடித்திருந்தால் ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி தொடாமல் போனாலும் பெரும்பாலான நெட்வொர்க் சிப்கள் இணைப்பைத் துண்டிப்பதில்லை, சத்தமே இல்லாமல் 100-க்கு இறங்கி ஓட்டிக்கொண்டே இருக்கும். விளக்கு எரியும், ஒயர் நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் நினைப்போம். கனெக்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஏழாவது இடத்தில் இருந்த பழுப்பு வெள்ளைக் கம்பி மற்றவற்றைவிட ஒரு நூல் பின்னால் நின்றது, கனெக்டரின் உலோகப் பின் அதைக் கடிக்கவே இல்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் கிரிம்ப் செய்ததும் 1 கிகாபிட் வந்தது, மெட்ரிக் 25 ஆனது. மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், கணக்கு அசையவில்லை.

இந்த எண்ணைப் பற்றி இன்னொன்று தெரிந்துகொள்ள வேண்டும், மலையில் அது ரொம்ப முக்கியம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க இரண்டு வழிகள் உண்டு. குன்னூர், பர்லியார் வழி ஒன்று, கோத்தகிரி, குஞ்சப்பனை வழி மற்றொன்று. மழையில் பர்லியாரில் மண் சரிந்தால் டிரைவர் போனில் கேட்டுக்கொண்டு கோத்தகிரி வழியாகத் திரும்பிவிடுவார். லேப்டாப் அப்படிக் கேட்பதில்லை. தன் வாசலில் ரோடு எவ்வளவு அகலம் என்று மட்டும் பார்க்கிறது, பர்லியாரில் மண் கிடக்கிறதா என்று பார்ப்பதில்லை. மரம் விழுந்து ஃபைபர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள மூன்று மீட்டர் ஒயர் நலமாக 1 கிகாபிட்டில் இருக்கிறது, அதனால் மெட்ரிக் 25. நீங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைக்கிறீர்கள், அது 45 என்று வந்து வரிசையில் பின்னால் நிற்கிறது. போனில் நெட் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை. பலர் இந்த இடத்தில் போனைத் திட்டுகிறார்கள்.

நெட் இல்லை என்பது விண்டோஸுக்குத் தெரியாமலா இருக்கிறது? தெரியும். மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியிலிருந்து சின்ன உரைக் கோப்பு ஒன்றை அது அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறது, வராவிட்டால் மூலையில் உள்ள படத்தை மாற்றுகிறது. ஆனால் அதற்காக மெட்ரிக்கை மாற்றுவதில்லை. லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். ஒயருக்கு 100, வைஃபைக்கு 600 என்று ஆரம்பித்தாலும், சோதனை ஆன் செய்யப்பட்டிருந்து வெளியே நெட் வரவில்லை என்று தெரிந்தால் அந்த இணைப்பின் எண்ணில் 20000-ஐக் கூட்டி வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. மேக்கில் எது முதலில் என்று நாமே வரிசை போட்டு வைக்கலாம்.

விண்டோஸில் என்ன செய்வது? ஒயரைப் பிடுங்கலாம், உடனே ஹாட்ஸ்பாட் வழியாக நெட் வரும், ஆனால் சர்வரும் பிரின்டரும் போய்விடும். அதைவிட நல்ல வழி, ஒயர் அடாப்டரின் ஐபிவி4 (IPv4) அமைப்பில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், தானியங்கி மெட்ரிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு 70 என்று போடுவது. இப்போது வெளியே போவதெல்லாம் போன் வழியாகப் போகும், ஆபீஸுக்குள் இருக்கும் சர்வருக்குப் போவது மட்டும் ஒயரிலேயே போகும். ஏனென்றால் பக்கத்து வீட்டுக்குப் போக மெயின் ரோடு தேவையில்லை, ஒரே நெட்வொர்க்கில் உள்ள முகவரிக்கு வெளிவாசலைக் கேட்காமலே கணினி நேரே போய்விடும். அண்ணன் ஆபீஸில் வைஃபையும் ஒயரும் ஒரே நெட்வொர்க், அதனால்தான் அங்கே சர்வருக்குப் போவதையும் மெட்ரிக் முடிவு செய்தது. ஃபைபர் வந்ததும் டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள். நான் ஒரு தடவை மறந்து, ஒரு வாரம் என் போன் டேட்டாவிலேயே ஒரு ஆபீஸ் ஓடியது.

குன்னூர் தேயிலை ஏலமே இப்போது கணினியில்தான் நடக்கிறது, அந்த நேரத்தில் ஒயரிலிருந்து வைஃபைக்கு மாறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு இணைப்பும் இரு பக்க முகவரி, இரு பக்க போர்ட் எண் (அந்த முகவரியில் எந்த சாஃப்ட்வேர் பேசுகிறது என்று காட்டும் எண்) என்ற நான்கால்தான் அடையாளம் காணப்படுகிறது. வாசல் மாறினால் உங்கள் பக்க முகவரியும் மாறும், எதிர்ப்பக்கத்துக்கு நீங்கள் புது ஆள். ஓடிக்கொண்டிருந்த பேச்சு அங்கேயே முடிந்து, புதிதாக ஆரம்பிக்க வேண்டும். வெப் பக்கத்தில் இது தெரியாது. வீடியோ காலிலும் கணக்கு சாஃப்ட்வேரிலும் நன்றாகவே தெரியும்.

அப்புறம் இங்கே எல்லோரும் சொல்லும் ஒரு கதை, பனிமூட்டம் வந்தால் வைஃபை போய்விடும் என்பது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், மூட்டத்தின் நீர்த்துளியோ கண்ணுக்கே தெரியாத அளவு. அந்தத் துளிகளை இந்த அலை கண்டுகொள்வதே இல்லை. மழைக்குத் திணறுவது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அலைகள்தான். வைஃபையை உண்மையில் தின்பது பழைய பங்களாக்களின் கனத்த கல்சுவர், அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அதிகம் அடிவாங்கும். கட்டடத்துக்குக் கட்டடம் ஆன்டெனா வைத்திருந்தால் நடுவில் நிற்கும் நனைந்த மரமும் சேர்த்தி.

வைஃபையின் நிஜமான குறை வேறு. ஒரே சேனலில் உள்ள எல்லோரும் ஒரே காற்றைப் பங்கிடுகிறார்கள், ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். ரேடியோ, தான் பேசும்போது மற்றவர் பேசுவது கேட்காது, அதனால் முதலில் கவனித்து, கொஞ்சம் பொறுத்து, அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. ஸ்விட்சில் செருகிய ஒயரில் இந்தத் தள்ளுமுள்ளு இல்லை, இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும். வேடிக்கை என்னவென்றால், ஒயர்க்காரர்கள் பெருமையடிக்கும் ஈதர்நெட்டே, அதாவது லேன் கேபிளில் தகவல் ஓடும் முறையே, ரேடியோவைப் பார்த்துப் பிறந்தது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு தீவுகளுக்கு இடையே கணினிகளை ரேடியோவால் இணைத்தது, அந்த யோசனையை எடுத்துத்தான் 1973-இல் ராபர்ட் மெட்கால்ஃப் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தில் கேபிளுக்குள் போட்டார்.

மலையில் ஒயருக்கும் ஓர் எமன் உண்டு, இடி. பேக்டரிக்கும் ஆபீஸுக்கும் நடுவே வெளியில் செப்புக் கேபிள் இழுத்திருந்தால் கோடை மழை இடியில் இரு பக்கமும் கேபிள் செருகும் போர்ட் கருகும். அங்கே மட்டும் ஃபைபர் போடுங்கள், கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

பெரிய ஆபீஸ்களில் இதையெல்லாம் ஆளிடம் விடுவதில்லை. விண்டோஸ் 8 முதலே ஒயர் இருந்தால் வைஃபையில் தானாகச் சேராது, நாமே கையால் சேர்த்தால்தான் சேரும். அதையும் தடுக்க விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து ஒரு பாலிசி, அதாவது நிர்வாகி போட்டு வைக்கும் விதி, இருக்கிறது, 3 என்று வைத்தால் ஒயர் உள்ளவரை வைஃபை கிடையாது. ஆபீஸ் நெட்வொர்க்கிலும் வெளி ஹாட்ஸ்பாட்டிலும் ஒரு லேப்டாப் ஒரே நேரத்தில் கால் வைத்திருப்பது பாதுகாப்புக்கு நல்லதல்ல என்பதும் ஒரு காரணம். ஆபீஸுக்கென்று வரும் லேப்டாப் பலவற்றில் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸிலேயே இதற்கு ஒரு அமைப்பு இருக்கும்.

அண்ணனுக்கு இத்தனையும் விளக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அப்ப வைஃபையை ஆஃப் பண்ணா ஸ்பீடு குறையாதா?" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன், பயாஸில் அந்த அமைப்பை ஆன் செய்துவிட்டுக் கிளம்பினேன்.