பேடன்ட்: காப்புரிமையா, புத்தாக்க உரிமையா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர், எந்த டிசைனுக்கு எவ்வளவு வெள்ளி பிடிக்கும் என்று கணக்கிடும் மென்பொருள் ஒன்றைத் தம் மகனை விட்டு எழுத வைத்தார். "மென்பொருளுக்குக் காப்புரிமையே கெடையாதாமுங்க, யாரு வேணா எடுத்துக்கலாமாம்" என்று போன வாரம் வருத்தப்பட்டார். ஏதோ பயிலரங்கில் சொன்னார்களாம். இதே பேச்சை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். தப்பு அவர்மேல் இல்லை, அந்தச் சொல்மேல்.

பேடன்ட், 'திறந்திரு' என்னும் லத்தீன் வினையில் பிறந்தது. எவரும் படிக்கும்படி மூடாமல் அரசர் முத்திரையிட்டுத் தந்த திறந்த மடலே முதலில் அப்பெயர் பெற்றது. செய்முறையை ஊரறிய எழுதிக் கொடு, 20 ஆண்டு தனியுரிமை பெறு என்பதே இன்றைய ஏற்பாடும்.

இதற்குப் போய்க் 'காப்புரிமை' என்கிறோம். காப்பு என்றதும் பூட்டி வைப்பதல்லவா நினைவுக்கு வருகிறது? அதைக்கூடப் பொறுக்கலாம். ஒலி ஒத்துவருகிறது என்று அதே சொல்லைக் காப்பிரைட்டுக்கும் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாளிதழில் பாட்டு வழக்கும் காப்புரிமை, மருந்து வழக்கும் காப்புரிமை! முன்னது பதிப்புரிமை, எழுதிய அப்போதே, பதிவு செய்யாமலே உண்டாகிவிடும். நம் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பில் சேர்த்திருக்கிறது. ஆக, நண்பரின் நிரலை யாரும் கேட்காமல் படியெடுக்கக் கூடாது. அவரிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை.

'கண்டுபிடிப்புரிமை' என்பாரும் உண்டு. அதுவும் ஒத்துவராது. சேர்வராயன் மலையில் பாக்சைட் இருப்பதைக் கண்டதும் கண்டுபிடிப்பு, அதிலிருந்து அலுமினியம் பிரிக்கப் புதுவழி செய்ததும் கண்டுபிடிப்பு என்றால், பின்னதற்கு மட்டும் உரிமை தரும் சட்டத்தை எப்படி விளக்குவது? புதிதாக ஆக்கியதற்கு உரிமை. எனவே 'புத்தாக்க உரிமை' என்பதே என் தேர்வு.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். 1970ஆம் ஆண்டுப் பேடன்ட் சட்டத்தில் 2002 திருத்தம் சேர்த்த வரி, 'கணினி நிரல் தன்னளவில்' புத்தாக்கம் ஆகாது என்கிறது. அந்தத் 'தன்னளவில்' உங்கள் தமிழில் எங்கே போயிற்று? சட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. தொழில்நுட்ப விளைவு தரும் ஆக்கத்தை, நிரல் சார்ந்தது என்பதற்காகவே தள்ளிவிட முடியாது என்று ஃபெரித் அல்லானி வழக்கில் 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது.

நண்பரின் நிரல் வெறும் கணக்குப் போடுவதோடு நின்றால் புத்தாக்க உரிமை கிடைப்பது அரிது. கம்பி வெட்டும் எந்திரத்தை அதே நிரல் புதுவிதமாக இயக்கிச் சேதாரத்தைக் குறைக்குமானால், விண்ணப்பித்துப் பார்க்க வழி உண்டு. பதிப்புரிமையோ இரண்டிலும் உண்டு.