சமஷ்டியா, கூட்டாட்சியா?

மத்தியும் மாகாணங்களும் அதிகாரத்தைப் பகிரும் 'ஃபெடரல்' ஆட்சிமுறைக்கு, இலங்கைத் தமிழர் அரசியலில் அடிக்கடி அடிபடும் சொல் சமஷ்டி. வடமொழியில் 'வியஷ்டி' என்றால் தனித்தனியானது; அதற்கு எதிர்ச்சொல் சமஷ்டி, பலவும் சேர்ந்த முழுமை. ஆங்கிலத்தின் 'ஃபெடரல்' வேறு வழியாக வந்தது. அதன் வேரான லத்தீன் சொல்லுக்கு உடன்படிக்கை என்று பொருள். ஒரு தரப்பு மட்டும் நினைத்து மாற்றிவிட முடியாத உடன்பாடு என்பதுதான் இந்த ஆட்சிமுறையின் உயிர். 'சமஷ்டி'யில் அது தெரிவதில்லை.

தமிழில் கூட்டாட்சி, இணைப்பாட்சி என இரண்டும் வழங்குகின்றன. இணைப்பு என்றால் ஒருவர் மற்றவரை இணைத்துக்கொண்டதாகவும் படும். கூட்டில் இரு தரப்பும் பங்காளிகள். அதனால் கூட்டாட்சியே பொருத்தம் என்பேன்.

இந்தக் கருத்தை 1926இலேயே இலங்கைக்குப் பரிந்துரைத்தவர், பின்னாளில் பிரதமரான சிங்களத் தலைவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. தமிழர் தலைவர் செல்வநாயகம் கட்சி தொடங்கியது அதற்கெல்லாம் பிறகு, 1949இல். அது ஆங்கிலத்தில் 'ஃபெடரல் பார்ட்டி', தமிழில் 'தமிழரசுக் கட்சி'. தமிழ்ப் பெயரைத் தனிநாட்டுக் கோரிக்கையாகவே சிங்களவர் பெரும்பான்மையான தெற்கில் பலர் படித்தார்கள்.

சரி, 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்த மாகாண சபைகள் கூட்டாட்சிதானா? இல்லை. அரசியலமைப்பின் 2ஆவது உறுப்புரை நாட்டை ஒற்றையாட்சி என்கிறது. சபைகளால் அது கெடவில்லை என்று உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் சொன்னது. அதனால் கிடைத்தது அதிகாரப் பரவலாக்கல் மட்டுமே. மேலே இருப்பவர் கொடுப்பார், வேண்டுமானால் பிடித்தும் வைப்பார்.

நடைமுறையைப் பாருங்கள். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநர் கையில். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. சபை ஒரு நியதிச்சட்டத்தை, அதாவது மாகாணச் சட்டத்தை, நிறைவேற்றினாலும் ஆளுநர் சம்மதித்தால்தான் அது சட்டமாகும். காணியும் பொலிஸும் மாகாணங்களுக்கான அதிகாரப் பட்டியலில் அச்சாகியே இருக்கின்றன. பொலிஸ் அதிகாரம் எந்த மாகாணத்துக்கும் போய்ச் சேரவில்லை. அரச காணி மத்தியின் கையிலேயே என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததும் அதே ஆண்டில்தான். 2018இல் அதன் காலம் முடிந்தது. அப்புறம் நிர்வாகம் ஆளுநரிடம் போனது. மக்கள் தேர்ந்த சபையே இல்லாமல் மாகாண நிர்வாகம் ஓடுவதை எந்தச் சொல்லாலும் தன்னாட்சி என்று அழைக்க முடியாது.

கூட்டாட்சி கேட்பது பிரிவினை ஆகாது என்று உயர் நீதிமன்றமே 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இந்தச் சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.