ரேக் அண்ட் போன் மேன்: தமிழில் என்ன சொல்வது?

1962 ஜனவரியில் பிபிசி ஒளிபரப்பிய ஒரு தனி நாடகத்திலிருந்து பிறந்து, 1974 வரை வந்த ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ என்ற நகைச்சுவைத் தொடரைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களுக்குச் சிக்கல் தருவது அதன் நாயகர்களின் தொழிற்பெயர். லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் வாழும் ஆல்பர்ட்டும் அவருடைய மகன் ஹெரால்டும் ‘ரேக் அண்ட் போன் மேன்’ என்ற தொழிலைச் செய்பவர்கள்.

‘ரேக்’ என்பது கந்தல், ‘போன்’ என்பது எலும்பு. மரக்கூழ் வருவதற்கு முன் காகித ஆலைகளுக்குப் பருத்தி, லினன் கந்தல்களே மூலப்பொருள். எலும்போ பசை, பொத்தான், கத்திப்பிடி, உரம் ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. இவற்றை வீடு வீடாகச் சேர்த்து விற்றவருக்கு அமைந்த பெயர், பின்னாளில் அவர் வண்டியில் பழைய இரும்பும் உடைந்த நாற்காலியும் ஏறிய பிறகும் மாறவில்லை. லண்டன் பேச்சுவழக்கில் இவரை ‘டாட்டர்’ (totter) என்றும் அழைப்பார்கள்.

‘குப்பை பொறுக்குபவர்’ என்று எழுதுவது பெரும் பிழை. ஸ்டெப்டோக்களுக்குச் சொந்தமாகக் குதிரை உண்டு, வண்டி உண்டு, சாமான் குவிக்கும் முற்றம் உண்டு. பெயர்ப்பலகைக்கு ஏற்ற ‘அண்ட் சன்’ என்ற பின்னொட்டும் உண்டு. வறுமையிலும் யாரிடமும் கூலிக்கு நிற்காத இந்த நிலைதான் கதையின் உயிர். முதல் நாடகத்தில், வீட்டை விட்டுப் போகத் துணிந்த ஹெரால்ட் தன் உடைமைகளை எல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். தந்தை குதிரையைத் தர மறுக்கவே, தானே இழுத்துப் பார்க்கிறான். வண்டி அசையவில்லை, அவன் உடைந்து அழுகிறான். ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் எழுதிய இந்தக் காட்சியில், பிழைப்புக்கான வண்டியே அவனைக் கட்டிப்போட்டிருப்பதைத் தொழிற்பெயர் சரியாக இருந்தால்தான் தமிழ் வாசகர் உணர முடியும்.

‘பழம்பொருள் வணிகர்’ என்பதும் பொருந்தாது. அது கலைப்பொருள் விற்பவரைக் குறித்துவிடும். ஹெரால்ட் ஏங்கும் மேட்டுக்குடி வாழ்வுக்கு நெருக்கமான தொழில் அது. ‘காயலான் கடை’ என்ற நம் வழக்கு அந்த முற்றத்துக்கு நன்றாகப் பொருந்தும். தெருத்தெருவாகச் சுற்றும் மனிதருக்குப் பொருந்தாது.

மனிதருக்கு நெருங்கிய உறவு, பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த நம் தெரு வியாபாரிதான். இங்கிலாந்தின் வடபகுதி ஆலை நகரங்களில் கந்தலுக்கு மாற்றாக வாசற்படி தேய்க்கும் கல்லைக் கொடுத்தார்கள்; குழந்தைகளுக்குப் பலூனோ தங்கமீனோ கிடைத்தது. பண்டமாற்றும் தெருவில் எழும் கூவலும் இரு பக்கமும் ஒன்றே. ஆனாலும் ‘பேரீச்சம்பழக்காரர்’ என்று எழுதினால் லண்டன் மறைந்து நம் ஊர்த் தெரு வந்து நின்றுவிடும். ஆகவே உரையாடலில் ‘பழைய சாமான்காரர்’ என்பதையே பரிந்துரைக்கிறேன். சாமான் என்பது பாரசீக வழிச்சொல் என்று தயங்குபவர்கள், கட்டுரை நடையில் ‘கழிபொருள் வணிகர்’ என்று எழுதலாம். அதை ஆல்பர்ட்டின் வாயில் மட்டும் வைக்க வேண்டாம்.