சில்அவுட்: நிழற்படமா, நிழலுருவா?

ஈரோட்டில், படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடை ஒன்றில் ஒரு கருப்புக் காகித வெட்டைக் கொடுத்தேன். என் அமுச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டியின்) பக்கவாட்டு முகம். "சீட்டில் என்ன படம் என்று எழுதட்டுங்க?" என்றார் கடைக்காரர். தமிழில்தான் சொல்வேன் என்ற வீம்பில் "நிழற்படம்" என்றேன். "போட்டோவுங்களா? முகமே தெரியவில்லைங்களே!"

அவர் கேட்டது நியாயம். நிழற்படம் என்ற சொல்லைப் போட்டோ எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நான் சொல்ல வந்தது சில்அவுட் (silhouette): கண், புருவம், பொட்டு எதுவும் இல்லாமல், புறவரியை மட்டும் வைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றை நிற உருவம்.

சொல்லின் மூலம் ஓர் ஆளின் பெயர். 1709-இல் பிரான்சின் லிமோஜ் நகரில் பிறந்த எத்தியென் த சிலுவெத், 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னரின் நிதிப் பொறுப்புக்கு வந்தார். ஏழாண்டுப் போரில் கஜானா வற்றியிருந்த நேரம். பணக்காரர்கள் மீது வரி போடப் பார்த்தார், அரண்மனைச் செலவிலும் கை வைத்தார். சும்மா விடுவார்களா? சுமார் எட்டு மாதத்தில் பதவி போயிற்று. மலிவாகவும் அரைகுறையாகவும் இருந்ததையெல்லாம் 'சிலுவெத் பாணி' என்று பாரிஸ்காரர்கள் கேலி செய்தார்கள். வண்ண ஓவியத்துக்குக் காசில்லாதவர்கள் வெட்டிக்கொண்ட காகித முகத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வில் அவரே இப்படி வெட்டுவார் என்றும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் இவற்றை முன்பு வெறுமனே 'நிழல்' என்றே சொல்லிவந்தார்கள்.

அந்தக் குடும்பப் பெயர் பாஸ்க் மொழியிலிருந்து வந்தது. அதில் 'சுலோ' என்றால் பொந்து. பொந்துகள் நிறைந்த இடம் என்று பொருள். கொங்குக் கணக்கில் பொந்துப்பாளையம்!

தமிழுக்கு வருவோம். 'கருவுரு' என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு ஸ்கேன் சென்டர்தான் நினைவுக்கு வருகிறது. எஞ்சுவது 'நிழலுரு'. இதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு. பொழுது சாயும்போது மேட்டில் நிற்கும் காங்கேயம் காளையைப் பாருங்கள். திமிலும் கொம்பின் வளைவும் மட்டும் வானத்தில் கருப்பாக நிற்கும். அங்கே நாம் பார்ப்பது காளையின் நிழல் அல்ல, காளையையே. பிறகு எப்படி நிழலுரு? பழந்தமிழில் நிழல் என்பது வெயில் மறைப்பு மட்டுமல்ல. நீரிலோ கண்ணாடியிலோ தெரியும் பிம்பத்துக்கும் அதுவே பெயர். அந்த விரிவு இருப்பதால் காளையையும் நிழலுருவில் அடக்கலாம் என்பது என் கட்சி. தோற்பாவை நிழற்கூத்தை இதற்கு முன்னோடியாகக் காட்டுவோரும் உண்டு. ஆனால் நம் தோற்பாவைகள் ஒளி ஊடுருவும் வண்ணப் பாவைகள், கண்ணும் நகையும் தெரிபவை.

அமுச்சியின் நிழலுருவை வீட்டில்தான் எடுத்தேன். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்காரவைத்து, விளக்கை ஆறேழு அடி தள்ளி வைத்தேன். விளக்கு கிட்டே வந்தால் நிழல் பூசணிக்காயாய் ஊதி, விளிம்பும் கலங்கிவிடும். சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்து, ஜெராக்ஸ் கடையில் சுருக்கி, கருப்பு சார்ட்டின் மேல் லேசாக ஒட்டி, இரண்டையும் சேர்த்து வெட்டினேன். கத்தரியை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு காகிதத்தைத்தான் திருப்ப வேண்டும். முதல் தடவை அவசரத்தில் கொண்டையைச் சீவிவிட்டேன். மூக்கும் முகவாயும் அச்சு அசலாக இருந்தும் யாரோ போலிருந்தது. இரண்டாவதில் கொண்டையோடு, பிடரியில் தொங்கிய நாலு முடியையும் விட்டுவைத்தேன். வீட்டில் எல்லோரும் பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள்.

சட்டம் போட்டு வாங்கியபோது சீட்டைப் பார்த்தேன். கடைக்காரர் எழுதியிருந்தது: "அமுச்சி நிழல் – 1".