வெண்ணெய் ஒட்டாத பெல்ட்டுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெண்ணெய், சீஸ் மாதிரி கொழுப்புப் பண்டங்களை நகர்த்தும் கன்வேயர் பெல்ட்டில் டெஃப்லான் பூசி, மேலே சின்னச் சின்ன வரிப்பள்ளங்களும் போட்டால் ஒட்டாது. இதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா?"

இவ்வளவுதான் யோசனை என்றால் கிடைப்பது கஷ்டம். ஏன் என்று சொல்வதற்கு, கொழுப்பு ஒரு பரப்பில் எப்படி ஒட்டுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 மூன்று விஷயங்களைக் கேட்கிறது. யோசனை புதிதாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். அந்தத் துறை தெரிந்த ஒருவருக்குச் சாதாரணமாகத் தோன்றிவிடாத ஒரு படி அதில் இருக்க வேண்டும். முதல் இரண்டைத் தாண்டுவது பெரும்பாலும் எளிது. மூன்றாவதில்தான் விண்ணப்பங்கள் மடங்குகின்றன. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு இன்றும் வழிகாட்டி. பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது அசையாமல் பிடித்து நிறுத்தும் ஓர் அமைப்புக்கு வாங்கியிருந்த காப்புரிமை அதில் செல்லாமல் போனது. பட்டறையில் கைதேர்ந்தவர் வழக்கமாகச் செய்துகொள்ளும் மேம்பாட்டுக்கு மேலே ஏதாவது இருந்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். டெஃப்லான் ஒட்டாது என்பது உலகம் அறிந்தது. தொடும் பரப்பைக் குறைத்தால் ஒட்டுவதும் குறையும் என்பதும் அப்படியே. தெரிந்த இரண்டைச் சேர்த்து, எதிர்பார்த்த பலனையே பெற்றால் அது பட்டறை மேம்பாடுதான்.

டெஃப்லானின் கதையே இதற்கு நல்ல உதாரணம். 1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தபோது, வாயு வருவதற்குப் பதில் உள்ளே வெள்ளைத் தூள் கிடந்தது. அந்தப் பொருளுக்கு 1941இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அது உடனே சமையலறைக்கு வந்துவிடவில்லை. எதிலும் ஒட்டாத பொருளை வாணலியில் மட்டும் எப்படி ஒட்டவைப்பது? பிரான்சில் மார்க் கிரெகுவார் 1954இல் காப்புரிமை பெற்றது இந்தச் சிக்கலுக்குத்தான். அலுமினியத்தை அமிலத்தால் அரித்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கி, அதற்குள் டெஃப்லானைச் சூட்டில் இறுக்கிப் பிடிக்கவைப்பது அவருடைய வழி. ஒட்டாத குணம் ஏற்கெனவே தெரிந்ததுதான். அதை உலோகத்தில் ஒட்டவைத்த வழி புதிது.

சரி, இப்போது கொழுப்புக்கு வருவோம்.

பள்ளியில் படித்த பரப்பு இழுவிசை நினைவிருக்கும். தண்ணீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்களுக்குச் சுமார் 32. ஒரு திரவம் ஒரு பரப்பில் முத்தாக நிற்குமா, பரவுமா என்பது இந்த எண்ணுக்கும் பரப்பின் ஆற்றலுக்கும் நடக்கும் போட்டி. டெஃப்லானின் பரப்பு ஆற்றல் 20ஐ ஒட்டி இருக்கிறது. திடப்பொருள்களில் மிகக் குறைந்தவற்றில் ஒன்று. அதன்மேல் தண்ணீர் சுமார் 110 டிகிரி சேர்கோணத்தில் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) உருண்டு நிற்கும். எண்ணெயோ 90 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், அதாவது ஓரளவு பரவும். எண்ணெய்க்கும் டெஃப்லானுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. குளிர்ந்த வெண்ணெய் பார்க்கத் திடமாக இருந்தாலும், கொழுப்புப் படிகங்களுக்கு நடுவே திரவ எண்ணெய் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது கசிந்து பெல்ட்டை நனைத்துப் பிடித்துக்கொள்கிறது.

தாமரை இலையைப் போலச் செய்யலாமே என்று தோன்றும். அந்த இலையில் நுண்ணிய மேடுகளுக்கு நடுவே காற்று சிக்கியிருக்கும், துளி அதன்மேல் மிதக்கும். தண்ணீருக்கு இது அற்புதமாக வேலை செய்கிறது. எண்ணெய் ஊர்ந்து இறங்கிக் காற்றை வெளியேற்றிவிடும். பிறகு அந்த மேடுகளே பிடிமானமாகி, வழவழப்பான பரப்பைவிட மோசமாக ஒட்டும்.

அப்புறம் வந்தது குடுவைத் தாவரம். மேகாலயாவில் ஓர் இனமும் இலங்கையில் ஓர் இனமும் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் குடும்பம். அதன் குடுவை விளிம்பில் எறும்பு வழுக்கி விழுவது ஏன் என்று போன், ஃபெடர்லே என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் விளக்கினார்கள். விளிம்பின் நுண்வரிகளில் மழைநீரும் தேனும் மெல்லிய படலமாகத் தங்குகின்றன. எறும்பின் கால் திடப்பரப்பைத் தொடவே முடியவில்லை. காற்றுக்குப் பதில் ஒரு திரவத்தைச் சிறைப்பிடித்து வைத்தால் போதும், மேலே வருவது வழுக்கும். 2011இல் ஹார்வர்டில் ஜோனா ஐசன்பர்க் குழு இதே வழியில் ஒரு செயற்கைப் பரப்பைச் செய்துகாட்டியது. அதே ஆண்டில் பிரான்சில் டேவிட் கெரே குழுவும் இத்தகைய பரப்புகளைப் பற்றி எழுதியது. எம்ஐடியில் கிருபா வாரணாசியின் குழுவும் இதில் இறங்கியிருந்தது. இவர் சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர். குழாயிலும் இயந்திரத்திலும் பனியும் படிவும் சேராமல் தடுக்கும் ஆய்விலிருந்து கிளைத்த அந்த வேலைதான், 2012இல் கெட்சப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வழுக்கி இறங்கும் வீடியோவாக உலகம் சுற்றியது.

வாரணாசி குழுவுக்கு 2013 செப்டம்பரில் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை, உணவுப் பொட்டலங்களுக்கும் உணவு பதப்படுத்தும் கருவிகளுக்குமான தானே உயவிடும் பரப்பைப் பற்றியது. திரவம் நிலையாகத் தங்கும் அளவுக்கு நெருக்கமான திட அமைப்பும், அதில் தங்கும் திரவமும் சேர்ந்த ஏற்பாடு அது. "ஒட்டாத பாட்டில்" என்று விளைவை மட்டும் சொல்லி உரிமை கேட்டிருந்தால் எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பியிருக்கும். எப்படி ஒட்டாமல் போகிறது என்ற வழிக்குத்தான் உரிமை.

இந்தச் சங்கிலி தொடங்கியது எறும்பு வழுக்குவதைப் பார்த்த உயிரியலில். அன்று நிதிக் குழு ஒன்று "இதனால் எந்த ஆலைக்கு லாபம்?" என்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆராய்ச்சிக்கு நம் நாடு ஒதுக்குவது 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதிலும் உடனடிப் பயன் கேட்கும் வழக்கம் அடிப்படை ஆய்வை நெரிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இனி நமது வெண்ணெய். கெட்சப் தண்ணீர் சார்ந்தது, அதனால் பரப்பில் தங்கும் திரவமாக எண்ணெயை வைத்தால், அந்த எண்ணெய்ப் படலம் அதில் கரையாமல் நிற்கிறது. மயோனைஸில் பாதிக்கு மேல் எண்ணெய்தான், ஆனால் அந்த எண்ணெய் தண்ணீருக்குள் துளித்துளியாகச் சிதறியிருப்பதால் வெளிப்பக்கம் தண்ணீர்தான். அதற்கும் எண்ணெய்ப் படலம் தாங்கும். வெண்ணெய் நேர்மாறு: கொழுப்பு வெளியே, தண்ணீர்த் துளிகள் உள்ளே. எண்ணெய்ப் படலம் அதைத் தொட்ட மாத்திரத்தில் கலந்துபோகும். சில சுற்றுகளில் பெல்ட் வறண்டுவிடும்.

அப்படியானால் படலமாகத் தண்ணீரையே வைத்தால் என்ன? இங்கேதான் கணக்கு அழகாக விழுகிறது. மீட்டருக்கு ஒரு மில்லிநியூட்டன் என்பதும் சதுர மீட்டருக்கு ஒரு மில்லிஜூல் என்பதும் ஒன்றே. எனவே இந்த எண்களை ஆற்றலாகவே வாசிக்கலாம். தண்ணீரை முழுமையாக ஏற்கும் சுத்தமான பரப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை எண்ணெய் நனைத்தால் சுமார் 32 மில்லிஜூல் லாபம், தண்ணீர் நனைத்தால் 72. எண்ணெயை விலக்கிவிட்டுத் தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்தால் 40 கூடுதல் லாபம். ஆனால் அதற்கு ஒரு செலவு உண்டு: இதுவரை இல்லாத ஓர் எண்ணெய்–தண்ணீர் எல்லை புதிதாக உருவாகிறது. சமையல் எண்ணெய்க்கு அந்தச் செலவு ஏறக்குறைய 25 முதல் 30. நாற்பது வரவு, முப்பது செலவு. ஆகவே வெண்ணெயின் கனம் அழுத்தினாலும், தண்ணீர்ப் படலம் பெல்ட்டுக்கும் கொழுப்புக்கும் நடுவே தானாகவே நிலைத்து நிற்கும். பரப்பில் நுண்வரிகள் இருந்தால் படலம் வடிந்து போகாமலும் இருக்கும். மீன் செதில் தண்ணீருக்குள் எண்ணெயை விலக்குவது இதே வழியில்தான். சீனாவின் ஜியாங் லெய் குழு 2009இல் அதை ஆராய்ந்து வெளியிட்டது.

டெஃப்லானுக்கு முற்றிலும் எதிர்த் திசை இது. பரப்பின் ஆற்றலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டுகிறோம். தண்ணீரை வெறுக்கும் பரப்புக்குப் பதில் விரும்பும் பரப்பைத் தேடுகிறோம். ஒரு நிபந்தனை: பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் கொழுப்பமிலம் ஒருமுறை படிந்துவிட்டால் தண்ணீர் அதில் பரவாது, 72 என்ற எண் சரிந்துவிடும், கணக்கு முழுவதும் தலைகீழாகும். அதனால் சூடான காரக் கழுவல் இல்லாமல் இந்தப் பெல்ட் ஓடாது.

அருமையான யோசனை, விண்ணப்பித்துவிடலாம் என்றால், பாட்டிமார் குறுக்கே நிற்கிறார்கள். மோர் கடைந்து வெண்ணெய் திரட்டும்போது கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொள்வது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. ஐரோப்பியப் பண்ணைகளில் வெண்ணெயை உருட்ட வரிவெட்டு போட்ட மரத்தட்டைகள் இருந்தன. முதலில் கொதிநீரில் முக்கி, பிறகு குளிர்நீரில் ஊறவைத்துப் பயன்படுத்துவார்கள். வரிப்பள்ளம், அதில் தங்கும் தண்ணீர், மேலே வழுக்கும் வெண்ணெய்: நுண்பரப்புக் கட்டுரைகளில் இருக்கும் அதே அமைப்பு. கொதிநீர் அந்த அழுக்கெடுக்கும் வேலையையும் செய்தது. மரபறிவை அப்படியே எடுத்துக்கொண்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று நம் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் சொல்கிறது. அது சரியான விதி. 1995இல் மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமையை, நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்து 1997இல் ரத்து செய்யவைத்தது இதே நியாயத்தில்தான்.

அப்படியானால் புதிதாக எதுவும் மிச்சமில்லையா? இருக்கிறது. ஈரமும் குளிரும் சேர்ந்த ஆலையில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வளரும். குளிர்பதனத்தில்கூட அது பெருகும். 1998-99இல் பின்லாந்தில் வெண்ணெய் வழியாகப் பரவி உயிர்களைப் பறித்தது. ஆகவே பாட்டியின் ஈரக் கையை அப்படியே நாள் முழுதும் ஓடும் பெல்ட்டாக மாற்ற முடியாது. படலம் வறளாமலும், கிருமி தங்காமலும், பண்டத்தில் தண்ணீர் அளவு கூடாமலும், அதைச் சுற்றுக்குச் சுற்று புதுப்பிக்க வேண்டும். பெல்ட் கீழ்ப்பக்கமாகத் திரும்பி வரும் நேரத்துக்குள் கழுவி, வடித்து, மறுபடி நனைக்கும் ஏற்பாடு வேண்டும். எவ்வளவு ஆழமான வரிகள், எந்தப் பொருள், எந்த வெப்பநிலை என்பதெல்லாம் சோதித்துக் கண்டால்தான் தெரியும். டெஃப்லானும் அடங்கிய, ஃபுளோரின் சேர்ந்த பொருள்களின் குடும்பத்தையே கட்டுப்படுத்தும் முன்மொழிவை 2023 ஜனவரியில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்வைத்திருப்பதால், டெஃப்லான் இல்லாத வழிக்கு இப்போது தேவையும் கூடியிருக்கிறது. துறையில் எல்லோரும் தண்ணீரை விலக்கும் பூச்சை நோக்கி ஓடும்போது, தண்ணீரை ஏற்கும் பெல்ட் ஒன்று இந்தச் சிக்கல்களைத் தீர்த்தால் அதில் ஒரு நல்ல விண்ணப்பத்துக்கு இடம் உண்டு.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு நடைமுறை விஷயம். சோதனை வெற்றி பெற்றதும் கல்லூரிக் கருத்தரங்கிலோ யூடியூபிலோ காட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில், நீங்களே வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு சலுகை உண்டு. இந்தியாவில் சில குறிப்பிட்ட விதிவிலக்குகள் தவிர, விண்ணப்பத்துக்கு முன்பு நீங்களே வெளியிட்டாலும் புதுமை போய்விடும். முதலில் தற்காலிக விவரக்குறிப்பைச் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். முழு விவரக்குறிப்பைத் தர அதன்பிறகு 12 மாதம் இருக்கிறது. பெல்ட்டை நன்றாக ஓடவிட்டுப் பார்ப்பதற்கு அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.